முள்ளெலி எலியல்ல, முள்ளம்பன்றி பன்றியுமல்ல

காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலியின் அடித்தூரைச் சுத்தம் செய்யும்போது, சருகுக் குப்பைக்குள்ளிருந்து கையில் அடங்கும் அளவுக்கு ஒரு முள் உருண்டை வெளிப்படுவது உண்டு. அதுதான் முள்ளெலி. கண்டவர்களில் சிலர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். வேறு சிலர், எலி என்ற பெயரைக் கேட்டதுமே, கடலைக் காட்டுக்கு ஆகாதது என்று மண்வெட்டியால் ஒரு போடு போட்டுவிடுவார்கள். பெயரில் உள்ள 'எலி' அதன் உயிருக்கே உலையாகிவிடுகிறது.

இதே வட்டாரத்தில் கிழங்கைத் தோண்டித் தின்பதும், தென்னங்கன்றின் குருத்தைக் கடித்துச் சாய்ப்பதும் முள்ளம்பன்றியின் வேலை. ஆனால் பெயரில் 'பன்றி' இருப்பதால் அதை யாரும் எலிக் கணக்கில் சேர்ப்பதில்லை. உண்மையில் எலிக்குச் சொந்தம் இந்த முள்ளம்பன்றிதான். முள்ளெலிக்கும் எலிக்கும் நெருங்கிய உறவே கிடையாது. இரண்டு பெயர்களும் இடம் மாறி விழுந்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர்களும் முள்ளெலிக்கு 'வேலிப் பன்றி' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஒரு பிராணியின் குலத்தை அறிய முதலில் பார்க்க வேண்டியது அதன் பல்லை. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகிய மூன்றுக்கும் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உளி போன்ற முன்பற்கள் இருக்கின்றன. இவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் அவற்றுக்குத் தீராது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெற்றிடம் காணப்படும். முள்ளம்பன்றியின் வாயில் மொத்தம் 20 பற்களே உண்டு. முள்ளெலியின் வாயோ வேறு விதமானது. அதில் 30க்கு மேற்பட்ட சிறிய, கூரான பற்கள் இருக்கின்றன. வண்டின் ஓட்டை நொறுக்குவதற்கு ஏற்ற பற்கள் இவை; தானியத்தைக் கொறிப்பதற்கு ஏற்றவை அல்ல.

முள்ளெலியின் நெருங்கிய உறவினர் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். இரவில் கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறுதான் அது. நீண்ட மூக்கு, மங்கிய பார்வை, மோப்பத்தைக் கொண்டு இரை தேடுதல், பூச்சியே முக்கிய உணவு என்று இரண்டுக்கும் ஒற்றுமைகள் பல. மூஞ்சூறும் எலி அல்ல. நெல் மூட்டையைச் சுற்றி அது ஓடுவது பெரும்பாலும் அங்குள்ள கரப்பானையும் வண்டையும் தேடித்தான். இவற்றோடு, மண்ணைக் குடைந்து வாழும் அகழெலிகளும், கியூபா, ஹிஸ்பானியோலா தீவுகளில் மட்டும் வாழும் சொலெனோடான் என்ற பிராணியும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அகழெலிகள் நம் பக்கத்தில் இல்லை; ஐரோப்பாவிலும், நம் நாட்டில் வடகிழக்கு மலைகளிலும் வாழ்கின்றன. மூஞ்சூறின் வழியும் முள்ளெலியின் வழியும் ஏறத்தாழ ஆறு, ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று கணக்கிடப்பட்டுள்ளது.

முள்ளெலியின் சொந்தக் குடும்பத்திலேயே முள் இல்லாத ஒரு கிளையும் உண்டு. மலேயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வாழும் அவற்றுக்கு உடல் முழுவதும் வெறும் உரோமமே. பார்த்தால் பெரிய மூஞ்சூறு போலிருக்கும், நாற்றமும் அப்படியே. இத்தாலியில் கார்கானோ என்ற இடத்தில் இக்கிளையைச் சேர்ந்த ஒரு பிராணியின் எலும்புகள் பாறைகளிலிருந்து கிடைத்துள்ளன. அதன் மண்டையோடு மட்டுமே சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். அந்தப் பகுதி அக்காலத்தில் தீவாக இருந்ததால் அங்கு அது அத்தனை பெரிதாக வளர்ந்தது என்று கருதுகிறார்கள். ஆக, முள் என்பது இக்குடும்பத்தின் ஒரு கிளையில் மட்டும் தோன்றிய கவசம்.

முள்ளைக் கொண்டு உறவு சொல்லப் போனால் தவறாகவே முடியும். முள் என்பது தடித்து இறுகிய உரோமமே அன்றி வேறல்ல. தேவை நேர்ந்த இடத்திலெல்லாம் அது தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முட்டையிட்டுப் பால் கொடுக்கும் எக்கிட்னாவுக்கும் முள் உண்டு. மடகாஸ்கர் தீவில் டென்ரெக் என்ற பிராணி இருக்கிறது. அதில் ஒரு வகையை நம் முள்ளெலியின் பக்கத்தில் வைத்தால் பழக்கமில்லாதவர் வேறுபாடு சொல்ல முடியாது. நெடுங்காலம் விஞ்ஞானிகளும் ஏமாந்தார்கள். பூச்சி தின்னும் சிறு பிராணிகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டு வைத்திருந்தார்கள். 1990களில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. டென்ரெக்கின் உறவு யானையோடும், பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவோடும் அமைந்திருந்தது. ஏற்காட்டு மலையில் வாழும் மூங்கில் அணத்தானும் ஒரு காலத்தில் இதே வரிசையில் இருந்ததுதான். அதன் விஞ்ஞானப் பெயரான 'அனத்தானா' நம் தமிழ்ச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் உறவு இப்போது குரங்கினத்தின் பக்கம் வைக்கப்பட்டுள்ளது.

மரபணு ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. இதைக் கேட்டால் கொங்கு விவசாயி சற்றுத் திகைக்கத்தான் செய்வார். மாடு, குதிரை, நாய், பன்றி, வௌவால் ஆகியவை அடங்கிய பெரும் கிளையில்தான் முள்ளெலியும் மூஞ்சூறும் வருகின்றன. எலி, அணில், முயல், குரங்கு, மனிதன் ஆகியவை மற்றொரு பெரும் கிளை. அதாவது, முள்ளெலிக்கு வயல் எலியைவிடக் காங்கேயம் காளை நெருங்கிய சொந்தம். வயல் எலிக்கோ முள்ளெலியைவிட, அதைப் பிடிக்கக் கிட்டி வைக்கும் விவசாயிதான் நெருங்கிய சொந்தம்!

உலகில் முள் உள்ள முள்ளெலிகள் இயற்கையாக ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவில் மட்டுமே காணப்படுகின்றன. நம் நாட்டில் மூன்று வகைகள் உள்ளன. நீண்ட காதுள்ள ஒரு வகையும், வெளிறிய ஒரு வகையும் ராஜஸ்தான், குஜராத் போன்ற வடமேற்கு வறண்ட பகுதிகளைச் சேர்ந்தவை. மூன்றாவது நம்முடைய முள்ளெலி. இதை 1851ல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க விஞ்ஞானி விவரித்து, 'வெறும் வயிறு உள்ளது' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அடிவயிற்றில் உரோமம் குறைவாக இருப்பதே காரணம். பிறகு வெகுகாலம் இதை வடமேற்கு வகையின் ஒரு பிரிவாகவே எண்ணியிருந்தார்கள். இப்போது தனி இனமாக ஏற்கப்பட்டுள்ளது. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களும் முள்வேலிகளும் இதன் இருப்பிடங்களில் அடங்கும்.

பகலில் தூரடியில் படுத்திருந்து, இருட்டிய பின் வெளிவந்து, வண்டு, வெட்டுக்கிளி, கறையான் முதலியவற்றைத் தின்கிறது. ஆபத்து என்றால் தோலுக்கடியில் உள்ள தசையை, சுருக்குப் பையின் நாடாவை இழுத்தாற்போல் இறுக்கிச் சுருண்டுகொள்ளும். நரியிடமும் நாயிடமும் இந்த வித்தை பலிக்கும். மண்வெட்டியிடமும் லாரிச் சக்கரத்திடமும் பலிப்பதில்லை. எலியைப் போல் ஈற்றுக்கு ஏழெட்டு என்று இது பெருகுவதும் இல்லை. பெரும்பாலும் ஓரிரு குட்டிகளே. ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்ப வெகுநாளாகும்.

கொறங்காடுகள் வீட்டு மனைகளாவதும், கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுவதும் இதன் இருப்பிடத்தைக் குறைத்துவிட்டன. போதாததற்கு, முள்தோலைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் குழந்தைகளின் கக்குவான் இருமல் நிற்கும் என்று சில ஊர்களில் இதைப் பிடிக்கிறார்கள். கக்குவானுக்குத் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியிருக்க இந்த வைத்தியம் குழந்தைக்கும் ஆகாது, முள்ளெலிக்கும் ஆகாது. 2025ல் தமிழக அரசு, அதிகம் கவனிக்கப்படாத நான்கு உயிரினங்களைக் காக்க ஒரு கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது, சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி ஆகியவற்றோடு முள்ளெலியும் அதில் இடம்பெற்றது.

விவசாயிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வேலியடிச் சருகுக்குத் தீ வைப்பதற்கு முன் ஒரு குச்சியால் கிளறிப் பார்க்க வேண்டும். எலி விஷத்தை வரப்பின் மேல் திறந்து வைக்காமல் வளைக்குள் வைத்து மண்ணால் மூடிவிட வேண்டும். தரைமட்டத் தொட்டிகளில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் தவறி விழுந்தது ஏறிப் பிழைக்கும். கிழங்குக் காட்டில் சேதம் கண்டால் முதலில் உதிர்ந்த முள்ளைத் தேட வேண்டும். கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நீண்ட முள் கிடந்தால் அது முள்ளம்பன்றியின் வேலை. அதுவும் சட்டப் பாதுகாப்பு உள்ள விலங்கு என்பதால் வனத்துறையிடம் தெரிவிக்க வேண்டும். முள்ளெலியைக் கண்டால் ஒரு சாக்கில் ஏந்தி வேலி நிழலில் விட்டுவிட்டால் போதும். ஆளரவம் அடங்கியதும் அது மூக்கை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத் தானாகவே நகர்ந்துவிடும்.