பெட்டியும் பட்டியலும்

கேமரன் மலையின் தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தால் முதலில் நம்மை வரவேற்பது மணம். பறித்த கொழுந்து வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்க வைக்கப்பட்டு, உலர்த்தப்படுகிறது. பின்னர், சல்லடைகளில் சலிக்கப்பட்டுத் துகளின் அளவுக்கேற்பத் தரம் பிரிக்கப்படுகிறது. இறுதியில் பொட்டலத்தின்மீது பெயர், வகை, எடை, காலாவதித் தேதி ஆகியவை அச்சிடப்படுகின்றன. அந்த எழுத்துகள் இல்லாத பொட்டலத்தைக் கையில் எடுத்தால், உள்ளே இருப்பது எந்தத் தேயிலை, எப்போது உருவானது என்று எவராலும் உறுதியாகக் கூற முடியாது. பொருள் அப்படியே இருக்கும். அதைப் பற்றிய செய்தி தொலைந்துபோயிருக்கும்.

சேகரிப்புப் பொருள்களின் நிலையும் இதுவே. கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங்கில் ‘டைம் டன்னல்’ என்னும் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வானொலிகள், தகர டப்பாக்கள், பொம்மைகள் என நம் தாத்தா பாட்டி காலத்து அன்றாடப் பொருள்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஒரு காலத்தில் குப்பையில் போடப்பட்டவை இன்று நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் பொருள்களாகிவிட்டன. இன்றைய இளையோர் விளையாடும் கணினி விளையாட்டுகளும் ஒருநாள் அந்த வரிசையில் சேரும். அவற்றுள் சிறப்புப் பதிப்புகளைப் பலர் இப்போதே சேகரித்து வருகின்றனர். அத்தகைய சேகரிப்பை எவ்வாறு பட்டியலிடுவது, ஏன் பட்டியலிட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிறப்புப் பதிப்பு என்றால் என்ன?

சாதாரணப் பதிப்பில் விளையாட்டு மட்டும் இருக்கும். சிறப்புப் பதிப்பில் அதனுடன் ஓவிய நூல், இசைத்தட்டு, சிறு உருவப் பொம்மை, வரைபடம் போன்றவை சேர்த்து ஒரே பெட்டியில் வைக்கப்படும். பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையிலேயே இவை வெளியிடப்படும்.

இந்த வழக்கத்தின் வேர் பழையது. 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் ‘டெட்லைன்’ என்னும் துப்பறியும் விளையாட்டை வெளியிட்டது. அக்காலத்து நெகிழ்வட்டில் இடம் மிகக் குறைவு. கதைக்குத் தேவையான எழுத்து முழுவதையும் அதில் அடக்க முடியவில்லை. ஆகவே, சாட்சிகளின் வாக்குமூலம், ஆய்வுக்கூட அறிக்கை ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தனர். அவை ஆட்டக்காரர்களை மிகவும் கவர்ந்தன. அதன் பிறகு, இத்தகைய பொருள்களைப் பெட்டியில் வைப்பது அந்நிறுவனத்தின் அடையாளமாகவே மாறியது.

1985-ஆம் ஆண்டு வெளிவந்த ‘அல்ட்டிமா 4’ இன்னொரு சான்று. இவ்விளையாட்டில் வீழ்த்த வேண்டிய வில்லன் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம் முதலிய எட்டு நற்பண்புகளில் சிறந்து விளங்கி ‘அவதாரம்’ என்னும் நிலையை அடைவதே ஆட்டக்காரரின் குறிக்கோள். இதன் பெட்டியில் துணியில் அச்சிட்ட வரைபடமும் உலோகச் சின்னமும் இரண்டு நூல்களும் இருந்தன. ஆட்டத்தில் மந்திரங்களை உருவாக்க எந்தெந்தப் பொருள்களைக் கலக்க வேண்டும் என்ற குறிப்பு அந்நூல்களுள் ஒன்றில் இருந்தது. அந்த நூல் காணாமற்போனால் விளையாட்டே பாதியில் தடைபடும். எனவே, பெட்டிக்குள் இருந்த தாளும் துணியும் வெறும் அலங்காரம் அல்ல, விளையாட்டின் உறுப்புகள்.

பட்டியல் எதற்கு?

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடைகளில் புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என்று ‘விடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்’ என்னும் அமைப்பின் ஆய்வு 2023-ஆம் ஆண்டு தெரிவித்தது. அப்படியானால், பழைய விளையாட்டுகளுள் பெரும்பாலானவை அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. வீட்டு அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் ஒரு பெட்டி, எஞ்சிய சிலவற்றுள் ஒன்றாக இருக்கலாம். அதன் உரிமையாளருக்கே அது தெரியாமல் போவதுதான் வருத்தத்திற்குரியது. வீடு மாறும்போதும் அலமாரியை ஒழிக்கும்போதும், என்னவென்று தெரியாத பெட்டிதான் முதலில் குப்பைக்குப் போகும்.

விளையாட்டுப் பொருள் காட்டிய வழி

பட்டியலிடும் கலையில் உலகுக்கே வழிகாட்டியவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டின் சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியரான அவர், 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். இலண்டனில் நூலகவியல் பயின்றபோது, அங்குள்ள கடை ஒன்றில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு விதமாக இணைத்து வெவ்வேறு உருவங்களைச் செய்துகாட்டினார்கள். நூல்களையும் இவ்வாறே வகைப்படுத்தலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஒரு நூலை ஒரே கூண்டில் அடைக்காமல், அதன் பொருள், இடம், காலம் எனத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, அக்கூறுகளை முக்காற்புள்ளியால் இணைத்துக் குறியீடு அமைத்தார். அதுவே 1933-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோலன் பகுப்புமுறை’.

இந்தச் சிந்தனை நம் வேலைக்கும் பொருந்தும். விளையாட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்குவதா, கருவிவாரியாக அடுக்குவதா என்று பலர் குழம்புவர். பெட்டிகளை அலமாரியில் ஒரு வரிசையில்தான் அடுக்க முடியும். ஆனால், பட்டியலில் ஒவ்வொரு கூறுக்கும் தனிக் கட்டம் இருந்தால், தேவைக்கேற்ப எந்தக் கூறைக் கொண்டும் தேடிக்கொள்ளலாம்.

பட்டியலிடும் முறை

கணினியில் உள்ள விரிதாள் ஒன்றே இதற்குப் போதுமானது. விரிதாளில் ஒரு கிடைவரிசை ஒரு பெட்டியைக் குறிக்கட்டும். ஒரு நெடுவரிசை ஒரு கூறைக் குறிக்கட்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பதிவெண் கொடுக்க வேண்டும். பெட்டி கைக்கு வந்த ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்தால் போதும். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றவோ இன்னொரு பெட்டிக்குக் கொடுக்கவோ கூடாது. எண்ணைப் பெட்டியின்மீது எழுதுவதையும் ஒட்டுவதையும் தவிர்க்க வேண்டும். பசையும் மையும் அட்டையைக் கெடுத்துவிடும். சிறு தாள் துண்டில் பென்சிலால் எழுதி உள்ளே வைக்கலாம்.

இரண்டாவதாக, தலைப்பு, வெளியீட்டாளர், ஆண்டு, இயங்கும் கருவி, பதிப்பின் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். இங்கே ஒருமைப்பாடு மிக முக்கியம். ஒரே கருவியை ஓரிடத்தில் ‘பிஎஸ்2’ என்றும் மற்றோரிடத்தில் ‘பிளேஸ்டேஷன் 2’ என்றும் எழுதினால், தேடும்போது பாதிதான் கிடைக்கும்.

மூன்றாவதாக, பெட்டிக்குள் இருக்க வேண்டிய பொருள்களைச் சரிபார்க்க வேண்டும். தோட்டப்புறங்களில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள். பெட்டிக்குள் இருக்கும் பொருள்களுக்கும் அப்படியொரு பெரட்டு எடுக்க வேண்டும். இருப்பதை ‘உள்ளது’ என்றும், இருக்க வேண்டியது காணாமற்போயிருந்தால் ‘இல்லை’ என்றும், முதலில் அது இருந்ததா என்றே உறுதியாகாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றும் குறிக்க வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால், நாம் பார்த்தோமா மறந்துவிட்டோமா என்பது பின்னாளில் நமக்கே விளங்காது. அண்மைக்காலப் பதிப்புகள் சிலவற்றில் வட்டுக்குப் பதிலாக இணையத்தில் பதிவிறக்குவதற்கான குறியீடு மட்டுமே இருக்கும். அக்குறியீடு பயன்படுத்தப்பட்டுவிட்டதா என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நான்காவதாக, பொருளின் நிலையை எழுத வேண்டும். ‘நன்றாக உள்ளது’ என்ற சொல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் தரும். கண்ணால் கண்டதை அளவோடு எழுதினால் ஐயம் எழாது. எல்லாப் பக்கங்களையும் நிழற்படம் எடுத்து, அப்படத்திற்கும் பதிவெண்ணையே பெயராக வைக்கலாம்.

ஐந்தாவதாக, அந்தப் பெட்டி யாரிடமிருந்து, எப்படி வந்தது என்பதை எழுத வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். ஆண்டையும் வெளியீட்டாளரையும் பிற நூல்களில் தேடிக் கண்டுபிடிக்கலாம். ‘அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கியது’ என்ற செய்தி வேறெங்கும் கிடைக்காது.

கீழே உள்ளது ஒரு மாதிரிப் பதிவு:

பதிவெண்: 2025-014
தலைப்பு: அல்ட்டிமா 4
வெளியீட்டாளர்: ஆரிஜின் சிஸ்டம்ஸ்
ஆண்டு: 1985
கருவி: ஆப்பிள் 2
பொருள்கள்: நெகிழ்வட்டுகள் – உள்ளன, துணி வரைபடம் – உள்ளது, உலோகச் சின்னம் – இல்லை, நூல்கள் இரண்டு – உள்ளன
நிலை: மூடியின் வலது மூலையில் 2 செ.மீ. கிழிசல்; ஒரு நூலின் பின்னட்டையில் பழுப்புக் கறை
இயக்கச் சோதனை: இன்னும் செய்யவில்லை
வந்த வழி: மாமா கொடுத்தது, அவர் கல்லூரிக் காலத்தில் பயன்படுத்தியது
இடம்: அலமாரி 2, தட்டு 3

இப்பதிவைப் படிக்கும் ஒருவர், பெட்டியைத் திறக்காமலேயே அதில் என்ன குறைகிறது, எங்கே இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்துகொள்வார்.

மலையின் பனியும் பெட்டியின் பகையும்

கேமரன் மலையில் வாழும் சேகரிப்பாளருக்குக் கூடுதலாக ஒரு கடமை உண்டு. தேயிலைக் கொழுந்துக்கு உகந்த குளிரும் மூடுபனியும் மழையும் அட்டைப்பெட்டிக்கு உகந்தவை அல்ல. ஈரக்காற்றில் அட்டை நெகிழும். தாளில் பூஞ்சணம் பூக்கும். நெகிழ்வட்டின் காந்தப்பூச்சிலும் பூஞ்சணம் படர்ந்தால் அதிலுள்ள தரவைப் படிக்க இயலாமல் போகலாம்.

ஆகவே, பெட்டிகளைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. மூடியுள்ள கொள்கலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அப்பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஈரப்பதமானி ஒன்று இருந்தால், ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காட்டு அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் பார்வையிட்டு, அந்தத் தேதியைப் பட்டியலில் எழுத வேண்டும். சென்ற முறை இல்லாத கறை இம்முறை தென்பட்டால், சேதம் பரவும் முன்பே தடுத்துவிடலாம். பட்டியலையும் ஒரே இடத்தில் வைத்திருக்கக் கூடாது. கணினி பழுதானாலும் தப்பிக்கும்படி ஒரு நகலை வேறோர் இடத்தில் சேமிப்பதோடு, ஆண்டுக்கொரு முறை தாளில் அச்சிட்டு வைப்பதும் நன்று.

நாளைய மரபு

கோலாலம்பூரில் இயங்கும் மெட்ரோனோமிக் நிறுவனம் உருவாக்கிய ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ என்னும் இசை விளையாட்டு 2020-ஆம் ஆண்டு உலகளவில் வெளியிடப்பட்டது. அதற்குச் சேகரிப்பாளர் பதிப்பும் வந்தது. இன்னும் 40 ஆண்டுகள் கழித்து, மலேசியர்கள் உருவாக்கிய விளையாட்டுகளைப் பற்றி ஒரு மாணவர் ஆராய முற்பட்டால் அவருக்கு எது உதவும்? விளையாட்டு இயங்கிய கருவிகள் அப்போது இல்லாமல் போயிருக்கலாம். இன்று ஒருவர் பொறுமையாக எழுதி வைத்த பட்டியல் இருந்தால், எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அதை யார் விளையாடி மகிழ்ந்தார் என்பதை அவர் அறிந்துகொள்வார்.

விலையுயர்ந்த சிறப்புப் பதிப்பு இருந்தால்தான் இப்பணியைத் தொடங்க முடியும் என்பதில்லை. அண்ணனின் பழைய குறுவட்டு, அக்காள் சேர்த்து வைத்த முத்திரைகள், பாட்டி பத்திரப்படுத்திய தேயிலை டப்பா என எதுவாயினும் முறை ஒன்றே. இன்று மாலை வீட்டிலுள்ள ஒரு பெட்டியைத் திறந்து, 001 என்று எண்ணிட்டு, அதைக் கொடுத்தவரிடம் அதன் கதையைக் கேட்டு எழுதுவோம். அக்கதையைச் சொல்லக்கூடியவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.