ஓர் எழுத்துப் பிழை... 18 கோடி ரூபாய்!

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டினால் எல்லாமே எனக்குச் செவ்வாய் கிரகம். ஆனால் இந்த ஜீன் சமாசாரத்தைப் படித்ததும், 'அட, நம்ம டிபார்ட்மென்ட்!' என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

'சிக்கிள் செல்' என்று ஒரு பரம்பரை ரத்தசோகை. ஹீமோகுளோபின் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தப் பிழை வந்தால் போச்சு. வட்டமான சிவப்பணு கதிர் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும். வலி உயிர் போகும்.

2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த 'காஸ்கெவி' சிகிச்சை, அந்தப் பிழையைத் திருத்துவதே இல்லை சார்! கருவில் இருந்தபோது நமக்கு ஓடியது வேறொரு ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் உடம்பு அந்தக் கணக்கை மூடிவிடும். நோயாளியின் ஸ்டெம் செல்லை எடுத்து, 'கிரிஸ்பர்' கத்தரியால் பூட்டை வெட்டி, திரும்ப ஏற்றுகிறார்கள். பழைய பேரேடு மறுபடி திறந்துகொள்கிறது. எந்த ஆடிட்டருக்கு இந்த ஐடியா வரும்?

நடுவில் கீமோதெரபி உண்டு. லேசுப்பட்ட விஷயமில்லை. ஆனாலும் பரிசோதனையில் 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருஷம் கடும் வலி எட்டிப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அப்போதைய கணக்கில் 18 கோடி ரூபாய்!

நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்தக் கோளாறு இருப்பது 1952-லேயே தெரியும். தினக்கூலிக்குப் போகிறவர் எந்த பி.எஃப்.பில் லோன் போடுவார்? அவருக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரைதான். அதுவும் அதே பழைய பேரேட்டைத்தான் திறக்கிறது... கொஞ்சமாக.