ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்

செஞ்சி வட்டாரத்தில் சித்திரை, வைகாசி வந்துவிட்டால் ஊருக்கு ஊர் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசி நாளில் படுகளமும் தீமிதியும். வளத்தி, அவலூர்பேட்டை, மேல்மலையனூர் என்று எந்தப் பக்கம் உறவு இருந்தாலும் "தீமிதிக்குக் குடும்பத்தோட வந்துடுங்க" என்று அழைப்பு வந்துவிடும். பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். இந்த ஊர்ப் பக்கம் இசையாசிரியராக இருப்பவருக்குக் கோடையில் இரண்டு வேலை. உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்வர வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பாட்டு வகுப்பைத் தயார்செய்ய வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கிற கருவி ஒன்று உண்டு. அது ஆர்மோனியம். கூத்துக் களரியில் விடிய விடிய ஒலிப்பதும் அதுதான். பள்ளி அலமாரியில் துணி போர்த்திக் கிடப்பதும் அதுதான்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை. பார்த்தால் அந்தக் கருவியால் என்ன முடியும், என்ன முடியாது என்பது தெளிவாகும். பாட்டு கற்றுக்கொடுப்பவருக்கு அந்தத் தெளிவு மிகவும் தேவை.

உள்ளே நடப்பது என்ன?

பின்பக்கம் கையால் அசைக்கிற துருத்தி காற்றை உள்ளே தள்ளும். அந்தக் காற்று தோல் மடிப்பு வைத்த துளை வழியாகப் பெட்டியின் அடியில் உள்ள இரண்டாவது துருத்திக்குப் போகும். தோல் மடிப்பு ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். போன காற்று திரும்பி வராது. அடித்துருத்தியை வில்கம்பிகள் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் கை விட்டுவிட்டு அசைந்தாலும் ஒலி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வருகிறது.

மேலே கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கட்டையின் பின்புறமும் தோல் ஒட்டிய சிறு மரமூடி ஒரு துளையை அடைத்திருக்கும். கட்டையை அழுத்தினால் மூடி எழும்பும், துளை திறக்கும், அடைபட்ட காற்று வெளியே வரப் பார்க்கும். வருகிற வழியில் அது ரீடைக் கடந்தாக வேண்டும்.

ரீட் என்பது பித்தளைத் தகடு. அதில் நீண்ட ஒரு துளை. துளையின் மேல் ஒரு முனை மட்டும் தறையப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. நாக்குக்கும் துளையின் ஓரத்துக்கும் மிக நுண்ணிய இடைவெளிதான். காற்று நாக்கைத் துளைக்குள் தள்ளும். நாக்கு தன் விறைப்பால் திரும்ப எழும்பும். மறுபடி காற்று தள்ளும். இப்படி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை காற்றோட்டம் வெட்டப்படுவதுதான் நாம் கேட்கும் சுரம். மூன்று ஸ்தாயி உள்ள பெட்டியில் 37 கட்டைகள் இருக்கும். இரட்டை ரீட் பெட்டி என்றால் 74 நாக்குகள். குஜராத்தின் பாலிதானா ஊர் இந்த ரீட் செய்யும் தொழிலுக்குப் பெயர் பெற்றது.

ஒரு நாக்கின் சுரத்தை முடிவுசெய்வது அதன் நீளமும் கனமும். இதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு இரும்பு ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீளும் முனையைத் தட்டிவிடுங்கள். நீளமாக விட்டால் மெதுவாக ஆடும்; உள்ளே இழுத்துக் குறைத்தால் வேகமாக ஆடும். நீளம் பாதியானால் அதிர்வு நான்கு மடங்காகும். ஆர்மோனியத்தின் இடக்கோடியில் நீண்ட நாக்குகளும் வலக்கோடியில் குட்டி நாக்குகளும் இருப்பதற்குக் காரணம் இதுதான். சுருதி சேர்ப்பவர் நாக்கின் நுனியைச் சுரண்டினால் கனம் குறைந்து சுரம் ஏறும். தறையப்பட்ட அடிப்பகுதியைச் சுரண்டினால் விறைப்பு குறைந்து சுரம் இறங்கும். எவ்வளவு பலமாகக் காற்றடித்தாலும் சுரம் பெரிதாக மாறாது என்பது இந்த அமைப்பின் பெரிய பலம். புல்லாங்குழலில் ஊதும் வேகம் மாறினால் சுரம் ஓடிவிடும். ஆர்மோனியம் பிடித்த இடத்தில் நிற்கும்.

பாரிஸிலிருந்து களரி வரை

காற்றில் அதிரும் நாக்கு ஆசியாவுக்குப் பழையது. சீனாவின் ஷெங் என்னும் வாய்க்கருவி இதே தத்துவத்தில் இயங்குகிறது. ஐரோப்பாவில் பலர் செய்த முயற்சிகளுக்குப் பிறகு, 1840களின் தொடக்கத்தில் பாரிஸைச் சேர்ந்த அலெக்சாந்தர் தெபேன் தன் கருவிக்கு ஆர்மோனியம் என்று பெயரிட்டுக் காப்புரிமை பெற்றார். அது நாற்காலியில் அமர்ந்து, இரு காலாலும் மிதித்து, இரு கையாலும் வாசிக்கும் பெரிய மரச்சாமான். கிறிஸ்தவ ஊழியர்களோடும் வெள்ளை அதிகாரிகளோடும் கப்பலேறி இந்தியா வந்தது.

நம் வித்துவான்கள் தரையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். அதற்கேற்ப 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அந்தக் கருவியைச் சுருக்கினார். கால்மிதியை எடுத்துவிட்டுப் பின்னால் கைத்துருத்தி வைத்தார். இடக்கை காற்றடிக்க, வலக்கை வாசிக்கும். நம் இசைக்கு ஒரே நேரத்தில் பல சுரம் அழுத்த வேண்டியதில்லை என்பதால் ஒரு கை போதும். இந்த மாற்றத்தால் தலையில் வைத்துத் தூக்கிப்போகிற அளவுக்குப் பெட்டி சிறுத்தது.

தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவை நாடகக் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடைகளில் ஆர்மோனியக்காரர் நடிகருக்கு இணையான மதிப்புப் பெற்றவர். எஸ். ஜி. கிட்டப்பா ஒலிபெருக்கி இல்லாத மேடைகளில் மேல்கட்டையில் பாடியபோது அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். மதுரை நாடக உலகில் டி. எம். காதர் பாட்சாவின் பெட்டிக்கென்றே கூட்டம் கூடியது. பின்னாளில் பல்லடம் வெங்கடரமண ராவ் கர்நாடக இசைக் கச்சேரியையே ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினார்.

கூத்து ஜமாக்களும் பெட்டியை ஏற்றுக்கொண்டன. திரௌபதி அம்மன் வழிபாட்டின் ஆதிக்கோயில் என்று மரபு சொல்லும் மேலச்சேரி செஞ்சியை ஒட்டித்தான் இருக்கிறது. இந்த வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே, செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்று இந்த ஊரைச் சேர்த்தார். இங்கே பாரதக் கூத்து நடக்கும்போது களரியின் பின்பக்கம் மிருதங்கம், முகவீணை, தாளத்தோடு பெட்டியும் இடம்பிடிக்கும். கட்டியங்காரன் வந்தது முதல் விடியற்காலை மங்களம் வரை, ஓடி ஆடி மூச்சிரைக்கப் பாடும் வேடக்காரருக்கு அது சுருதியைப் பிடித்துக்கொடுக்கிறது. வேடக்காரர் ஓர் அடியைப் பாடிவிட்டு ஆடத் தொடங்கும்போது பாட்டு விழுந்துவிடாமல் பின்பாட்டோடு சேர்ந்து தாங்குவதும் அதுதான்.

ஏன் தடை செய்தார்கள்?

இவ்வளவு பரவிய கருவியைப் பெரியவர்கள் பலர் வெறுத்தார்கள். பாரதியார் சங்கீதம் பற்றிய தம் கட்டுரையில் அதைக் கடுமையாகச் சாடினார். தாகூரும் எதிர்த்தார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அந்தத் தடை தளர 1971 ஆனது.

எதிர்ப்புக்கு இரண்டு காரணங்கள் இருந்தன, இரண்டும் உண்மையானவை. முதலாவது கமகம். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே ஆர்மோனியத்தில் எதுவும் இல்லை. தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காமல் அசைவதிலேயே உயிர் வைத்திருக்கும் சுரம். அதைப் பெட்டியில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது காரணம் கணக்கு. எந்தக் கட்டையையும் சட்ஜமாக வைத்துக்கொள்ள வசதியாக, ஒரு ஸ்தாயியை 12 சம பாகமாகப் பிரித்துப் பெட்டிக்குச் சுருதி வைக்கிறார்கள். காது இயல்பாக விரும்பும் சுரங்களோ எளிய விகிதங்களில் அமைந்தவை. பஞ்சமம் சட்ஜத்தின் 3/2 மடங்கு, அந்தர காந்தாரம் 5/4 மடங்கு. ஆண்குரலின் ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜம் நொடிக்கு 130.8 அதிர்வு. அதற்கு இயல்பான காந்தாரம் 163.5. பெட்டி தருவதோ 164.8. சட்ஜத்தையும் பெட்டியின் காந்தாரத்தையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் அவற்றின் மேலொலிகள் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு 5 முறை துடிக்கும். காதில் கரகரப்பாக விழும். பஞ்சமத்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே துடிப்பு ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒருமுறைதான். பெரும்பாலோர் காதுக்கு எட்டாது.

இந்தக் கணக்கிலிருந்து வகுப்பறைக்கு ஒரு நல்ல விதி கிடைக்கிறது. சுருதிக்காக வாசிக்கும்போது ச–ப–ச மூன்றை மட்டும் ஒலிக்கவிடுங்கள். காந்தாரத்தைக் குழந்தைகளின் குரலுக்கே விட்டுவிடுங்கள். தொடர்ந்து ஒலிக்கும் சட்ஜமும் பஞ்சமமும் காதில் இருந்தால், சரியான காந்தாரத்தைக் குரல் தானே கண்டுபிடிக்கும். பாடுவதை எல்லாம் கூடவே வாசித்துக்கொண்டிருந்தால் குழந்தை பெட்டியின் காந்தாரத்தைப் பழகிவிடும்.

எந்தக் கட்டையில் பாட வைப்பது?

பாட்டு வகுப்புகளில் அதிகம் நடக்கும் தவறு சுருதியில்தான். ஆண் ஆசிரியருக்கு வசதி ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. சிறுவர் சிறுமியருக்கோ ஐந்து, ஆறு கட்டை இயல்பாக இருக்கும். ஆசிரியர் தம் கட்டையிலேயே சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கீழே இறங்க முடியாமல் முணுமுணுப்பார்கள். பாட்டு வரவில்லை என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் பலருக்குக் குறை குரலில் இல்லை. சுருதி பொருந்தவில்லை, அவ்வளவுதான். பெட்டியில் ஒரு நொடியில் சட்ஜத்தை மாற்றிவிடலாம். 12 சம பாகம் என்ற அதே குறை இங்கே நமக்கு வரமாகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும். அவர்களைத் தனியாக உட்காரவைத்து, கீழ்ச் சுருதியில் மெதுவாகப் பாடச் சொல்ல வேண்டும். அந்த வயதில் கேலிக்கு ஆளானவர்கள் பிறகு வாய் திறப்பதே இல்லை.

முதற்பாடமான மாயாமாளவகௌளையும் பெட்டியில் கண்ணால் பார்க்கும்படி அமைந்திருக்கிறது. சட்ஜத்திலிருந்து கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால் 1, 3, 1, 2, 1, 3, 1 என்று கட்டைகள் தள்ளிப்போகும். முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒரே வரிசை. நடுவில் உள்ள இரண்டுக்கு இருபுறமும் ராகம் சரிபாதியாக நிற்கிறது. இதைக் காட்டினால் பாட்டில் ஆர்வமில்லாத கணக்குப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காருவான்.

ஜூனுக்கு முன்

செஞ்சியின் கோடை கடுமையானது. கோட்டை நிற்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரிக் குன்றுகள் பகல் முழுதும் வாங்கிய வெயிலை இரவிலும் விடுவதில்லை. அந்த வறட்சியில் மரம் சுருங்கும், துருத்தித் தோல் விறைக்கும், ஒட்டு விடும். எலிக்கும் பூச்சிக்கும் தோலும் பசையும் பிடித்த உணவு. எனவே பள்ளி திறப்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதலில் காற்றுச் சோதனை. எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியை நிறைய அடித்துவிட்டுக் கவனியுங்கள். அடித்துருத்தி மெதுவாக இறங்கினால் நல்லது. விறுவிறுவென்று இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்கிறது. மடிப்பு மூலைகளை முதலில் பாருங்கள். அடுத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையாக அழுத்துங்கள். ஒலிக்காத நாக்கில் பெரும்பாலும் தூசுதான் சிக்கியிருக்கும். மெல்லிய காகிதத்தை நாக்குக்கடியில் செலுத்தி மெதுவாக இழுத்தால் வந்துவிடும். ரீடுக்கு எண்ணெய் விடவே கூடாது. தூசு மேலும் ஒட்டிக்கொள்ளும். அழுத்தாமலே ஒரு கட்டை ஒலித்துக்கொண்டிருந்தால் அதன் மூடி சரியாகப் படியவில்லை என்று பொருள். சுருதி விலகியிருக்கிறதா என்று கைபேசியின் சுருதிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். சுரண்டிச் சரிசெய்வதை மட்டும் கைதேர்ந்தவரிடம் விட்டுவிட வேண்டும். சுரண்டிய பித்தளை திரும்ப வராது.

அந்தக் கைதேர்ந்தவரை இந்த வட்டாரத்தில் நகரத்துக் கடையில் மட்டும் தேட வேண்டியதில்லை. உறவு வீட்டுத் தீமிதிக்குப் போகும்போது, கூத்து முடிந்த காலையில் ஜமாவின் பெட்டிக்காரரிடம் பேசிப் பாருங்கள். புழுதியிலும் பனியிலும் வருடம் முழுதும் பெட்டியை உயிரோடு வைத்திருப்பவர் அவர். அவரிடம் மெட்டுகளும் இருக்கின்றன. கர்ணனுக்கு எந்த ராகம், துரியோதனன் வரவுக்கு எந்த ராகம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனின் கதைப்பாட்டுப் பாடத் தெரிந்தவர் யாரென்றும் விசாரியுங்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட அந்த இளைஞனின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். 2025இல் செஞ்சிக் கோட்டை மராட்டியர் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லுக்குக் கிடைத்த காப்பு பாட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்றால் அது பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும்.

ஆர்மோனியம் கமகம் சொல்லித்தராது. அதற்கு ஆசிரியரின் குரல் வேண்டும். ஆனால் நாற்பது பிள்ளைகள் ஒரே சுருதியில் நிற்பதற்கு, ஒரு கிராமத்துப் பள்ளியில் இதைவிட எளிதாகவும் மின்சாரம் இல்லாமலும் உதவும் கருவி வேறில்லை. உங்கள் பள்ளி அலமாரியில் பூட்டிய பெட்டி ஒன்று இருந்தால், தலைமையாசிரியரிடம் சாவியைக் கேட்டு வாங்கி இந்தக் கோடையிலேயே திறந்துவிடுங்கள். ஜூன் மாதத்தின் முதல் பாட்டு வகுப்பு அதன் சட்ஜத்தோடு தொடங்கட்டும்.