பம்பருக்குள் ஒளிந்திருக்கும் பில்

கர்நாடகத்தின் குண்டலுபேட்டையில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் கூடுகின்றன. ஒன்று, கோழிக்கோட்டிலிருந்து வயநாடு வழியாக மைசூருக்குப் போகும் 766. மற்றொன்று, ஊட்டி, கூடலூர், முதுமலை தாண்டி பந்திப்பூர் காட்டுக்குள் புகுந்து வரும் 181. காட்டுப் பகுதியில் வேகத்தடைகள் வரிசையாக வருகின்றன. மானோ யானையோ தலைகாட்டினால் முன்னே போகிறவர் பிரேக்கை அழுத்தியே ஆகவேண்டும். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை என்பதால், சாயங்காலம் செக்போஸ்ட்டை எட்டிவிடும் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. சாலையோர வயல்களில் செண்டுமல்லி பூக்கும் காலத்தில் படம் எடுப்பதற்காகத் திடீரென ஓரங்கட்டும் கார்களைச் சொல்லவே வேண்டாம். பின்னால் வரும் கார் முன்னால் இருக்கும் காரின் டிக்கியில் முட்டுவதற்கு எல்லா வாய்ப்பும் உள்ள சாலை இது. முட்டிய பிறகு, மூன்று மாநிலப் பதிவெண்களும் மூன்று மொழிகளும் கலந்து, சாலையோரத்திலேயே ஒரு தொகை பேசி முடிக்கப்படுவது வழக்கம். அந்தத் தொகை அநேகமாகத் தவறாகத்தான் இருக்கும். யாரும் ஏமாற்றுவதால் அல்ல. காரின் பின்பகுதி கட்டப்பட்டிருக்கும் விதம் அப்படி.

வெளியே தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. அதற்குள் நுரையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு தாங்கு அடுக்கு. அதற்கும் உள்ளே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம். பல கார்களில் அந்தச் சட்டம், மோதலில் தானே நசுங்கிச் சக்தியை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்ட இரண்டு சிறு பெட்டிகள் மூலம் காரின் அடிச்சட்டத்தோடு இணைகிறது. அடி விழுந்ததும் பிளாஸ்டிக் உள்ளே போய், பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். இரும்பு திரும்பாது. அதனால்தான் வெளியே இரண்டு கீறலோடு நிற்கும் கார், பம்பரைக் கழற்றியதும் வேறு முகத்தைக் காட்டுகிறது. கை தேர்ந்த டிங்கர் முதலில் பார்ப்பது கீறலை அல்ல. டிக்கிக் கதவுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே உள்ள சந்து இடப்புறமும் வலப்புறமும் ஒரே அகலமா என்று பார்ப்பார். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி உட்காரும் குழியில் தகடு மடிந்திருக்கிறதா, மூட்டில் பூசிய சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். டிக்கிக் கதவும் விளக்கும் போல்ட்டில் நிற்பவை, கழற்றி மாட்டிவிடலாம். பின் சக்கரத்துக்கு மேலே உள்ள பக்கத் தகடு வெல்டிங்கில் நிற்பது; அதை மாற்ற வேண்டுமானால் அறுத்து, ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடிக்க வேண்டும். செலவு ஒரே தாவாகத் தாவும் இடம் அதுதான்.

வேகத்தைப் பற்றிய நம் மதிப்பீடும் ஏமாற்றும். 1,000 கிலோ எடையுள்ள கார் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நிற்கும் அதே எடைக் காரில் மோதி இரண்டும் ஒட்டியபடி நகர்ந்தால், தகடுகளை நசுக்குவதற்குச் செலவாகும் சக்தி ஏறத்தாழ 7.7 கிலோஜூல். வேகம் 40 ஆனால் அது இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு: சுமார் 31. இதோடு இன்னொன்று. பிரேக் அடிக்கும்போது காரின் மூக்கு தாழும், வால் உயரும். முன்னவரும் பின்னவரும் ஒரே நேரத்தில் பிரேக் அடித்தால், தாழ்ந்த மூக்கு உயர்ந்த வாலுக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. இரும்புச் சட்டம் வாங்க வேண்டிய அடியை டிக்கியின் அடித்தகடு வாங்குகிறது. வேகத்தடையில் முன்கார் பாதி ஏறிய நிலையில் இருந்தால் உயர வித்தியாசம் இன்னும் கூடும்.

கழற்றிப் பார்க்கச் சொல்வதே பில்லை ஏற்றும் தந்திரம் என்று ஒரு மறுப்பு உண்டு. அப்படிச் செய்யும் ஒர்க்‌ஷாப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மருந்து கழற்றாமல் விடுவது அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் முன்னிலையில் கழற்றுவது. முதல் எஸ்டிமேட்டில் வராத சேதம் உள்ளே தெரிந்தால் கூடுதல் எஸ்டிமேட் போடுவது இன்சூரன்ஸ் உலகில் அன்றாட நடைமுறை. சர்வேயர் பார்ப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டால் அந்தச் சேதத்துக்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும்.

அடுத்த கேள்வி, கிளைம் போடுவதா வேண்டாமா. பில்லில் எல்லாம் வராது என்பது பலருக்கும் தெரியும். எவ்வளவு வராது என்பது தெரியாது. வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை தேய்மானமாகக் கழியும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும்: 6 மாதம் வரை ஒன்றுமில்லை, 5 முதல் 10 ஆண்டு வரை 40 சதவீதம். மொத்தமாகப் போட்ட பெயின்ட் பில்லில் கால்பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். போதாததற்கு, 1,500 சிசி வரையுள்ள கார் என்றால் 1,000 ரூபாய் கட்டாயமாக நம் கையிலிருந்து. 6 ஆண்டு ஓடிய ஒரு காருக்கு பம்பர் 6,000, டிக்கிக் கதவு 10,000, பெயின்ட் 8,000, கூலி 4,000 என்று 28,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவு 3,000, 4,000, 1,000, அதோடு அந்தக் கட்டாய 1,000. கம்பெனி தருவது 19,000.

லாபம்தானே என்று தோன்றும். ஆனால் நோ கிளைம் போனஸ் என்று ஒன்று இருக்கிறது. ஐந்து ஆண்டு கிளைம் இல்லாமல் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு கிளைம் போட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொட ஐந்து ஆண்டு ஆகும். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 10,000 ரூபாய் என்றும், அது மாறவில்லை என்றும் கொண்டால், இந்த ஏணியில் மறுபடி ஏறுவதற்குள் கூடுதலாகக் கட்டுவது 12,500 ரூபாய். ஆக, 19,000 வாங்கியதில் உண்மையில் மிஞ்சுவது 6,500. அதே மோதலில் பம்பரும் பெயின்ட்டும் மட்டும் 9,000 ரூபாய்க்குப் போயிருந்தால் கம்பெனி தருவது 4,625. கிளைம் போட்டவருக்கு நஷ்டம் 7,875. முதல் கணக்குக்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் டிக்கிக் கதவு. அது தப்பித்ததா இல்லையா என்பது பம்பரைக் கழற்றினால்தான் தெரியும்.

பின்னால் வந்தவர்தானே முட்டினார், நான் ஏன் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னால் வருபவர் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். லாரிக்குப் பின்னால் 10–15 அடி இடைவெளியில் வந்த மாருதி கார் மோதிய வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவர் மீதே பொறுப்பை வைத்தது. ஆனால் இது எப்போதும் செல்லுபடியாகும் விதி அல்ல. கோயம்புத்தூரில் 2017-இல் நெடுஞ்சாலையில் சிக்னல் காட்டாமல் ஒரு கார் திடீரென நின்றது. பின்னால் வந்த பைக் அதில் மோதிச் சரிய, பைக்கை ஓட்டிய மாணவர் மீது பேருந்து ஏறியது. 2025-இல் உச்ச நீதிமன்றம் நின்ற காருக்கு 50 சதவீதம், பேருந்துக்கு 30, பைக்குக்கு 20 என்று பொறுப்பைப் பிரித்தது. யானையைக் கண்டு நிற்பது வேறு, பூவைக் கண்டு நிற்பது வேறு. தவறு முழுக்க எதிராளியுடையது என்றாலும், அவருடைய மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து பணம் பெற மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சில ஆயிரங்களுக்காக அங்கே போகிறவர்கள் அபூர்வம். பெரும்பாலானவர்கள் சொந்தப் பாலிசியைத்தான் நாடுகிறார்கள். அப்படி நாடினால், தவறு யாருடையது என்று பார்த்து போனஸ் நிற்பதில்லை.

தேய்மானமே கழிக்காத ஜீரோ டெப் எடுத்தவர்களும் முழுக்க நிம்மதியாக இருந்துவிட முடியாது. கட்டாயக் கழிவு அப்போதும் உண்டு. போனஸும் போகும், அதைக் காக்கத் தனியாக ஒரு சேர்ப்பு வாங்கியிருந்தால் தவிர. குண்டலுபேட்டையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். கம்பெனி ஒர்க்‌ஷாப் தேடி மைசூருக்கு வண்டியை இழுத்துப் போக வேண்டும் என்றால் சுமார் 60 கிலோமீட்டர். வழக்கமான தனியார் கார் பாலிசி அதற்குத் தரும் உச்சவரம்பு 1,500 ரூபாய், மீதி நம்முடையது. டிக்கி பூட்டிக்கொண்டு, விளக்கு எரிந்து, சக்கரம் எங்கும் உரசாமல் இருந்தால் மெதுவாக ஓட்டியே போகலாம். கிளம்பும் முன் இரண்டு கார்களும் பதிவெண் தெரிய நிற்கும் நிலையில் படம் எடுங்கள், எதிராளியின் பாலிசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். கையில் நீட்டப்படும் ரொக்கத்தை மட்டும், பம்பர் கழலும் வரை வாங்காதீர்கள்.