மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

பால் போத்தலை வாயில் வைத்தபடியே உங்கள் குழந்தை தூங்குகிறதா? காலையில் அதன் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறோரமாகப் பல்லில் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால், அதுவே சொத்தையின் தொடக்கம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்த் தண்ணீர் ஃபுளோரைடு கலந்தே வருகிறது. இருந்தும், 2015 தேசிய ஆய்வில் நாட்டின் 5 வயதுப் பிள்ளைகளில் 71 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது.

வெள்ளைக் கோடாக இருக்கும்போதே ஃபுளோரைடு வார்னிஷ் பூசினால் பல் மீண்டும் உறுதிப்பட வாய்ப்புண்டு. ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிட வேலைதான். ஆறு மாதத்திற்கு ஒருமுறையாவது பூச வேண்டும். பூசிய இரவு பல் துலக்க வேண்டாம். குழி விழுந்தபின் வார்னிஷ் அதை அடைக்காது.

பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்கில் கேளுங்கள். ‘விழப்போகும் பாற்பல்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்; கடைவாய்ப் பாற்பல் 10 வயதுவரை உழைக்க வேண்டியது.