கற்றலும் நிற்றலும்: தேரவாத பௌத்தத்தின் இரு பொறைகள்

தேரவாத பௌத்தம் துறவியின் கடமையை இரு பொறைகளாக வகுத்துரைக்கும். திரிபிடகத்தைக் கற்றலும் கற்பித்தலும் கந்ததுரம். உள்ளத்தை உற்றுநோக்கி உண்மை காணும் பயிற்சி விபஸ்ஸனாதுரம். முன்னதை நூற்பொறை என்றும் பின்னதைத் தியானப்பொறை என்றும் தமிழில் வழங்கலாம். இவ்விரண்டனுள் சமயத்திற்கு வேராவது யாது என்னும் வினா மிகப் பழையது.

இலங்கையில் கி.மு. முதல் நூற்றாண்டில் நேர்ந்த பெரும் பஞ்சத்தின் பின் இவ்வினா பிக்குகளிடையே வாதமாக எழுந்தது என்றும், கல்வியே வேர் என்போர் வென்றனர் என்றும் அங்குத்தர நிகாய உரை கூறும். ஓதுவோர் மாண்டால் நூலும் மாளும் நிலையிலிருந்த காலம் அது. ஆதலின் அம்முடிபு காலத்தின் தேவையிற் பிறந்தது எனலாம்.

இக்கால நிலை வேறு. 1881-இல் இலண்டனில் பாலி நூற்கழகம் தோன்றிய பின், நூல்கள் அச்சேறி உலகெங்கும் பரவின. அவை அழியும் அச்சம் குறைந்தது. ஆயின் பயிலாதார் நூல்வல்லார் ஆதற்கும், நூலறியாதார் தியானம் பயிற்றுதற்கும் இடம் உண்டாயிற்று.

இப்பிளவைக் கடந்தவருள் பர்மிய நாட்டு மகாசி சயாடோ (1904–1982) குறிப்பிடத்தக்கவர். 1949 முதல் இரங்கூனில் துறவியர்க்கும் இல்லறத்தார்க்கும் விபஸ்ஸனா பயிற்றுவித்த அவரே, 1954 முதல் 1956 வரை அங்கு நடைபெற்ற ஆறாம் பௌத்தப் பேரவையில் திரிபிடகம் பற்றி வினா எழுப்பும் பொறுப்பையும் ஏற்றார். வயிறு எழுந்து தாழ்வதை நோக்குமாறு அவர் கற்பித்த முறை நூல்வழியதன்று என இலங்கைத் தேரர் சிலர் மறுத்தனர். அவ்வசைவு காற்றாகிய பூதத்தின் இயக்கம் என்றும், நாற்பூதங்களை நோக்குதலைச் சதிபட்டான சுத்தமே விதித்துள்ளது என்றும் அவர் தரப்பினர் விடையிறுத்தனர். மறுத்தோரும் விடையிறுத்தோரும் ஒருங்கே நூலைச் சான்றாகக் கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது. அனுபவம் ஒன்றே போதும் என்று விடையிறுத்தோர் அமைந்திலர்.

இனி, பயிற்சி கல்விக்குத் துணையாமாறு காண்போம். பாலியில் வேதனை என்பது துன்பத்தை மட்டும் குறிப்பதன்று. இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது என்னும் மூவகை நுகர்ச்சியையும் குறிக்கும். மணிமேகலை அதனை நுகர்வு எனப் பெயர்த்தமை செவ்விது. இப்பொருளை அகராதியும் கூறும். ஆயின் அம்மூன்றையும் தன் உடலிலும் உள்ளத்திலும் பிரித்துணர்ந்தவனுக்கே அப்பாகுபாட்டின் பயன் விளங்கும்.

பௌத்த நூல்களை ஆராய்வோன் பௌத்தனாதல் வேண்டும் என்பதன்று நம் கருத்து. தான் ஆராயும் நூல் பயிற்சிக்கென எழுந்தது என்பதை அவன் மறத்தலாகாது. பயில்வோனும் தன் அனுபவத்தை நூலோடு ஒத்துநோக்காது முடிபாகக் கொள்ளுதல் கூடாது. கல்வி பயிற்சிக்கு எல்லை காட்டும். பயிற்சி கல்விக்குப் பொருள் காட்டும்.