கண்டி மேட்டில் எழுபது வயதுச் சாரதி

அந்தக் காலத்து லைசனில் காலாவதித் திகதி இருக்கவில்லை. இருபது வயதில் பரீட்சை பாஸ் பண்ணியவர், எண்பதிலும் அதே லைசனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்டி வீதிகளில் கார் ஓட்டலாம். கண் எப்படி, காது எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

2009இல் அட்டை லைசன் வந்தது. இலகு வாகனத்துக்குப் பொதுவாக 8 ஆண்டு, கனரக வாகனத்துக்கு 4 ஆண்டு. புதுப்பிக்கப் போனால் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கண்டியிலும் கிளை உண்டு. நல்ல மாற்றம்தான். ஆனால் முப்பது வயதுக்காரரின் எட்டு ஆண்டும் எழுபது வயதுக்காரரின் எட்டு ஆண்டும் ஒன்றா? அதற்குள் கண்புரை படரும், கழுத்து இறுகும், சீனி வியாதிக்கு மருந்து கூடும்.

மழை இரவு. கடுகண்ணாவை வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. கூச்சம் தெளிந்து பார்வை திரும்ப, வயதானவருக்குக் கூடுதல் நேரம் எடுக்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போனாலும், ஒவ்வொரு வினாடியும் கார் 11 மீற்றர் ஓடிவிடுகிறது. பகலில் ஒரு குறையும் தெரியாதவருக்கும் இது நடக்கும். அதனால்தான் சொன்னால் நம்பமாட்டார்.

நகரமும் பழைய நகரமில்லை. 1998இல் தலதா மாளிகையில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, அதற்கு முன்னாலிருந்த வீதியை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். நெரிசல் மற்ற வீதிகளுக்குப் போனது. இரண்டு பக்கமும் புகுந்து வரும் ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் பார்க்கக் கழுத்து சட்டென்று திரும்ப வேண்டும்.

பிள்ளைகள் பயந்துபோய்ச் சாவியை ஒளித்துவைக்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. "அப்ப கிளினிக்குக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போறது?" என்று அவர் கேட்டால் என்ன பதில்? ஹந்தானைச் சரிவில் வீடு. பஸ் ஹோல்ட்டுக்கு இறங்கிவிடலாம், திரும்ப ஏறுவது யார்? ஜப்பானில் லைசனைத் தாமாகவே ஒப்படைக்கும் முதியவர்களுக்குப் பல ஊர்களில் பஸ், டாக்ஸிக் கட்டணத்தில் சலுகை கொடுக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வரவேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது உண்டு. முதலில் இரவு ஓட்டத்தையும் மழை ஓட்டத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். கிளினிக் நாளுக்கும் கோயிலுக்கும் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை மாதக் கணக்கில் பேசிவையுங்கள். சாவியை அதற்குப் பிறகு கேளுங்கள்.